லெக் பக்கம் ஒதுங்கிய இருபத்திரண்டு பேர்

சென்னையில் மூன்றாம் டிவிஷன் லீக் ஆடியிருக்கிறேன் என்று என் வாழ்க்கையில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் ஆள் என் மாமனார். கோயம்புத்தூரில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருப்பவர். பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்கு வேற என்னங்க பழக்கம்?" என்று அவர் கேட்ட தொனியில் மிரண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டாவது ஆள், புனேயில் ஔந்தில் ஒரு ஃபர்ஸாண் காரவகைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனி வைத்திருந்த மராட்டிக்காரர். அவரிடம் சொன்னதற்குக் காரணம் முதல் ஆள்தான்.

அதற்கு முன் நான் புனேக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நட்டு, போல்ட்டு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அது நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும், இனி நான் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம். செய்தி கோயம்புத்தூருக்குப் போன அன்றே மாமனாரிடமிருந்து போன். "எதுக்குங்க மாப்ள அங்க கெடந்து கஷ்டப்படோணும்? வந்து கடைல உக்காருங்க. மோட்டார் விக்கிறதுல என்னங்க கஷ்டம், தண்ணி எல்லாருக்கும் வேணும்ல?"

அன்பான அழைப்புதான். ஆனால் எனக்கு ஒரு காட்சி தெரிந்தது. கல்லாவில் மாமனார், அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் நான், எதிரில் விவசாயிகள். "இவருதானுங்க நம்ம மாப்ள. கிரிக்கெட் ஆடுவாரு." ஆயுள் முழுக்க. அந்தக் கலவரத்தில்தான், "கிரிக்கெட் கேல்தே ஹோ?" என்று ஔந்து மராட்டிக்காரர் கேட்டதும், "லீக்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மனிதர் எழுந்து வந்து கை கொடுத்தார். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுக்கு அசல் மாதிரியே இருக்கும் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றை அவர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். புரோகிராமும் தெரிந்து மட்டையும் பிடித்த ஆளைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நான் மூன்றாம் டிவிஷன் அணி ஒன்றில் நான்கு சீசன் இருந்தது நிஜம். ஸ்கோரராக. ஷாமியானாவுக்குக் கீழே, இரண்டு வண்ணப் பேனாவோடு, பந்து வந்தாலும் எட்டாத தூரத்தில். தோல் பந்தை என் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அது நின்றுகொண்டிருக்கும்போது.

இந்தக் காரணத்தால் என் நிலைமை சுலபமாகப் புரியும். வாய் மூடியிருந்தால் வேலை உண்டு. நான் மட்டை பிடித்ததில்லை என்று தெரிந்த நாள், முக்காலி.

முதல் மூன்று மாதம் நான்தான் அங்கே கிரிக்கெட் சாஸ்திரி. பாஸ் காலையில் வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை "ரியல்". கடைசி வார்த்தையும் அதுவே. இந்தியும் மராத்தியும் கலந்த அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன். கோபம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும், மன்னிக்கவும்.

நான்கு வருடம் ஸ்கோர் எழுதியவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கிரிக்கெட்டில் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. புள்ளி, புள்ளி, புள்ளி, ஒன்று, புள்ளி. அந்த ஞானத்தை அப்படியே புரோகிராமாக எழுதினேன். பாஸ் ஆசையாக உட்கார்ந்து அரைமணி நேரம் ஆடினார். பொம்மை பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கிப் பந்தை விட்டான். விக்கெட் கீப்பர் பிடித்தான். மறுபடி விட்டான். மறுபடி பிடித்தான்.

"என்னய்யா இது? ஒன்றுமே நடக்கவில்லையே?"

"இதுதான் பாஸ் ரியல்."

அவர் யோசித்தார். "அப்படியானால் ரியலைக் கொஞ்சம் குறை."

அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த உத்தரவு இது: எல்லாப் பந்தும் பவுண்டரிக்குப் போக வேண்டும், ஆனால் அசலாகப் போக வேண்டும்.

ஃபீல்டர்கள் தனிக் கதை. ஆரம்பத்தில் பந்து எந்தப் பக்கம் போனாலும், கணபதி பந்தலில் மோதகம் கொடுக்க ஆரம்பித்ததைப் போல ஒன்பது பேரும் ஓடினார்கள். கீப்பர் கையுறையோடு எல்லைக்கோடு வரை போனார். "பக்கத்தில் இருப்பவன் மட்டும் ஓடு" என்று திருத்தினேன். இரண்டு பேர் சம தூரத்தில் இருந்தால் இருவரும் அடுத்தவன் போவான் என்று நின்றுவிட்டார்கள். பந்து அவர்களுக்கு நடுவே மெதுவாக உருண்டு எல்லையைத் தொட்டது. இதை மட்டும் நான் திருத்தவில்லை. என் பழைய அணியில் அப்படித்தான் ஆடினார்கள்.

இவ்வளவு வரை நன்றாகப் போனது. பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பேட்ஸ்மேன்களின் அசைவு பொம்மலாட்டம் மாதிரி இருக்கிறது, போட்டி கிரிக்கெட் ஆடிய ஒருவரை நிஜத் தோல் பந்துக்கு எதிராக நிறுத்தி வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பொம்மைகளை அசைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பாஸ் படித்து முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமையான சிரிப்பு.

எங்கள் பொம்மைகளை அசைய வைப்பவன் புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன். தாத்தா காலத்தில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பேசும்போது நடுவில் இந்தி ஏறிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டோன்மென்ட் அணிக்கு வேகப்பந்து வீசுவான். இந்தக் கடைசி விவரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆபீஸ் மாடியில் ஏற்பாடு. முன்னால் ஒரு ஹாண்டிகேம், பக்கவாட்டில் ஒன்று. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே இருக்கிறது என்று படத்தில் தெரிய அடையாளம் வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று மின்னும் உருண்டைகள் வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகள் இருந்தன. கோயம்புத்தூரிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்த பெரிய மெரூன் பொட்டு. வெள்ளை பனியன், குளிர்காலத்துக்கு வாங்கிய வெள்ளை இறுக்கக் கால்சட்டை, உடம்பெல்லாம் பொட்டு. மாடியில் குர்டை வற்றல் காயப்போட வந்த பெண்கள் இருவர் என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் குர்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

முதலில் டென்னிஸ் பந்து. அற்புதமாக ஆடினேன். கவர் டிரைவ், புல், கட். எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். பாஸ் கைதட்டினார். பிறகு அந்தக் கட்கிப் பையன் பையிலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்துக் கால்சட்டையில் தேய்த்தான்.

"அண்ணா, ரெடியா? ஆராம் ஸே போடறேன்."

அவன் ஆராமாக, மெதுவாகத்தான் போட்டிருப்பான். நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் ஸ்டம்ப்புக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளித் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றேன். பந்து பின்னால் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஏக் மினிட் அண்ணா. நீங்க பால் வர்றதுக்கு பஹ்லேயே போயிட்டீங்க."

"இடம் பண்ணிக்கிறேன்டா. ஆஃப் சைடுல அடிக்கணும்ல? லீக்ல இப்படித்தான்."

"அச்சா," என்றான். அதில் எத்தனை கேள்விகள் இருந்தன என்று எனக்குத்தான் தெரியும்.

நாற்பது பந்து எடுத்தோம். நாற்பதிலும் இடம் பண்ணிக்கொண்டேன். வியர்வையில் முழங்கால் பொட்டு கெண்டைக்காலுக்கு இறங்கியது வேறு. பாஸ் பாதியிலேயே போன் வந்து இறங்கிப்போயிருந்தது என் அதிர்ஷ்டம். கடைசிப் பந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போனது. மறுநாள் மாடிக் கதவில் குடியிருப்போர் சொசைட்டித் தலைவர் மராத்தியில் ஒரு பலகை மாட்டியிருந்தார். பையன் படித்துச் சொன்னான்: "மாடியில் கிரிக்கெட் ஆடக்கூடாது. இது விளையாட்டு இல்லை, எங்கள் வேலை என்றும் சொல்லக்கூடாது." புனேக்காரர்களின் பலகைகளில் பதில் சொல்ல இடமே வைப்பதில்லை.

இரண்டு வாரத்தில் அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவன் பொம்மைகளை அசைய வைத்தான். நேர்மையான வேலைக்காரன், ஒரு அங்குலம் விடவில்லை. முதல் சோதனை ஆட்டம் பார்த்தேன். இந்தியா போல ஒரு அணி, ஆஸ்திரேலியா போல ஒரு அணி. இருபத்திரண்டு பேரும் பந்து கையை விட்டு வந்ததும் கண்ணை மூடி, முதுகை வளைத்து, லெக் பக்கம் ஓடினார்கள். உலகத்தின் தலைசிறந்த பேட்ஸ்மேன்கள் எல்லோருக்குள்ளும் நான் இருந்தேன். பந்தின் கணக்கு மட்டும் கறாராக இருந்ததால், எல்லோரும் போல்டு. இரண்டு அணியும் சேர்ந்து எண்பது ரன்னைத் தாண்டவில்லை.

யோக்கியன் என்றால் அங்கே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் புரோகிராமர். ஒட்டுப் போட்டேன். பேட்ஸ்மேனை முதலிலேயே ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே இரண்டடி தள்ளி நிற்க வைத்தேன். பந்து வரும்போது லெக் பக்கம் ஓடினால், சரியாக ஸ்டம்ப்புக்கு முன்னால் வந்து சேர்வான். பயம் அவனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். இதைவிட அழகான தீர்வை நான் என் தொழிலில் எழுதியதில்லை.

ஆனால் நடுவர் வைடு கொடுப்பது பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தை வைத்து. அவர் குழம்பினார். நடுவருக்கு ஒரு ஒட்டு. அதனால் எல்.பி.டபிள்யூ. தப்பாகப் போனது. அதற்கொரு ஒட்டு. இடதுகைக்காரர்களை மறந்தே போனேன். அவர்களைக் கண்ணாடி பிம்பம் மாதிரி புரோகிராம் திருப்பிக்கொள்ளும், என் ஒட்டு மட்டும் திரும்பவில்லை. ஆகவே அவர்கள் லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே நின்று, அங்கிருந்தும் ஓடினார்கள். அதைப் பாஸ் பார்த்துவிட்டார்.

"இவன் எங்கே போகிறான்? லெக் அம்பயரிடம் ஏதாவது கேட்கப் போகிறானா?"

"புது உத்தி பாஸ். ஒருநாள் ஆட்டத்துல இப்ப எல்லாரும் பண்றாங்க."

"லீக் ஆடியவன் சொன்னால் சரிதான்," என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் தட்டத் தொடங்கினேன். மனசாட்சி என்று சொல்ல ஆசை. பயம்தான்.

அடுத்த வாரம் இங்கிலாந்துக் கம்பெனியின் ஆள் நேரில் வருகிறார் என்று செய்தி. நிர்வாக ஆள் இல்லை, கவுண்டி கிரிக்கெட் ஆடி ஓய்வு பெற்றவர். விளையாட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியது அவர்தான். அவர் சரி சொல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை.

பையன் என்னை டீக்கடைக்கு இழுத்துப் போனான். கட்டிங் சாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான். "அண்ணா, சச் போலோ, நிஜமாச் சொல்லுங்க. நீங்க லெதர் பால் ஆடியிருக்கீங்களா?"

"லீக்ல..."

"நான் அந்த வீடியோவ ஃபிரேம் பை ஃபிரேம் பாத்தவன் அண்ணா. உங்க கண்ணு எப்ப மூடுதுன்னு எனக்கு தெரியும். நான் ரன்-அப்ல இருக்கும்போதே மூடுது."

சொன்னேன். ஸ்கோரர், ஷாமியானா, இரண்டு வண்ணப் பேனா, எல்லாம். அவன் டீ கிளாஸால் முகத்தை மறைத்துக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. கடைசியில், "பாஸ் கிட்ட நான் சொல்ல மாட்டேன். சண்டே மறுபடி எடுப்போம். உங்க வீட்டு மாடில," என்றான்.

விஷ்ராந்த்வாடியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மாடியில் அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூடினோம். பொட்டு ஒட்டியது மனைவி. தன் பொட்டு எங்கே தீர்ந்தது என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது அவளுக்கு. முதல் பத்துப் பந்தில் பத்திலும் ஓடினேன். என் வலது காலைத் துணி காயப்போடும் கயிற்றால் தண்ணீர்க் குழாயோடு கட்டினான் பையன். கால் நின்றது. மற்றதெல்லாம் ஓடியது. படத்தில் பார்த்தால், காற்றில் சாயும் வாழை மரத்துக்கு யாரோ மட்டையைக் கொடுத்த மாதிரி இருந்தது.

மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, பந்தைப் பாருங்க. அது உங்களத் திங்கவா வருது?"

"நீ சும்மா இரும்மா. உனக்கென்ன தெரியும், வேகம் எவ்வளவுன்னு?"

"சரிங்க, நகருங்க. நான் ஒண்ணு பாக்கறேன்."

துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டாள். மட்டையை வாங்கினாள். பையன் என்னைப் பார்த்தான். மெதுவாக ஒன்று போட்டான். அவள் முன்காலை வைத்து, குனிந்து, மட்டைக்குக் கீழே பந்தை அப்படியே செத்துப்போக வைத்தாள். "தம்பி, வேகமாப் போடுங்க. எங்க அண்ணன் இதவிட வேகமாப் போடும்." அடுத்தது நிஜமாகவே வேகம். அவள் கண் அசையவில்லை. பந்து அவன் தலைக்கு மேலே நேராகத் திரும்பிப் போனது.

கடைக்குப் பின்னால் மோட்டார்கள் அடுக்கிவைத்த களத்தில் மூன்று அண்ணன்களோடு பத்து வருடம் ஆடியிருக்கிறாளாம். மோட்டாரில் பட்டால் அவுட் என்பதால் நேராக மட்டும்தான் அடிப்பார்களாம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"லீக் ஆடினவர் கிட்டப் போயி நான் என்னன்னு சொல்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பால்கனில இருந்து ஸ்கூட்டர் சாவி போட்டா, பிடிக்காம தள்ளி நின்னு கீழ விழுந்தப்புறம் பொறுக்கறீங்க. அன்னைக்கே தெரியுமுங்க."

என் உடம்பிலிருந்து பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் சட்டைக்குப் போயின. இரண்டு மணி நேரம் ஆடினாள். நடுவில் ஒரு முறை குக்கர் விசில் எண்ணிக்கை தவறிவிட்டது என்று கீழே போய் வந்தாள். ஒவ்வொரு பந்துக்கும் முன் துப்பட்டா முடிச்சை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பையன் அதையும் விடவில்லை. பொம்மைகள் ஆறடி உயரமாகி, தாடி வைத்து, தொப்பி போட்டு, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இடுப்பில் இல்லாத ஒரு முடிச்சை இழுத்து இறுக்கின. நான் என் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பாதிதான் வந்தது. மீதி எதை எது தாங்கி நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளைக்காரர் வந்தார். அறுபது வயது, நல்ல உயரம், சிவந்த மூக்கு. நாற்காலியில் சாய்ந்து பத்து ஓவர் பார்த்தார். பாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வெள்ளைக்காரர் முன்னால் குனிந்து, அந்த இடுப்புச் சமாசாரத்தைச் சுட்டிக்காட்டினார். இத்தனை வருடத்தில் எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு நிஜமான பழக்கத்தைப் பார்த்ததில்லை, தன்னோடு ஆடிய ஒருவர் இப்படித்தான் கால்சட்டையை இழுத்துக்கொண்டே இருப்பார் என்றார். "தலை அசையவே இல்லை, பாருங்கள். இது யார்?"

பாஸின் கை என் தோளில் விழுந்தது. "நம்ம ஆள்தான்!"

வெள்ளைக்காரர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். எங்கே போனாலும் கொண்டுபோவாராம். மாடி இருக்கிறதா, இரண்டு பந்து போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அதுவரை யாருக்கும் இளகாத சொசைட்டித் தலைவர், விருந்தாளி என்று கேள்விப்பட்டதும் தானே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். எல்லாம் எனக்கென்று கூடி வந்தது.

மூன்று மாடி ஏறும்போது மயக்கம் போடலாமா என்று யோசித்தேன். வயிற்றுவலி? தந்தி? தந்தியை இப்போது யார் அனுப்புகிறார்கள்? பையன் பின்னாலேயே வந்து, "அண்ணா, அவர் புட்டா ஆத்மி, வயசானவர். ஸ்லோவாதான் வரும். சும்மா நில்லுங்க, போதும்," என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தான்.

நின்றேன். மட்டையைத் தட்டினேன். அந்தப் பெரியவர் மூன்று அடி நடந்து, கையைச் சுழற்றி, குழந்தைக்குப் போடுவது மாதிரி ஒரு பந்தைப் போட்டார். அது பறந்து வந்ததாக அல்ல, மிதந்து வந்ததாகத்தான் பின்னால் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. நான் அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பந்து சுவரில் பட்டு உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது. அதற்கும் ஒரு அடி நகர்ந்தேன்.

"அது நான் இல்லை," என்றேன் ஆங்கிலத்தில். "என் மனைவி."

வெள்ளைக்காரர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடம் ஒருநாள் இங்கிலாந்து வந்து ஆடிக் காட்ட வேண்டும் என்று சொல்லி, விளையாட்டுக்கும் சரி சொல்லிவிட்டுப் போனார். பாஸ் சிரிக்கவில்லை. அவரை வழியனுப்பிவிட்டுப் படியேறி வந்து என் எதிரில் நின்றார்.

"லீக்?"

"ஸ்கோரர்."

"நான்கு வருடமும்?"

"நான்கு வருடமும்."

அவர் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். "உன்னை இப்போதே அனுப்பியிருப்பேன். ஆனால் நீ எழுதி வைத்திருக்கிற அந்தப் புரோகிராமை உன்னைத் தவிர எவனாலும் படிக்க முடியாது. அவன்," என்று பையனைக் காட்டினார், "அவன் ஏற்கெனவே முயற்சி பண்ணிவிட்டான்."

என் ஒட்டுகள் என்னைக் காப்பாற்றின. முக்காலி தப்பியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இன்று முதல் கிரிக்கெட்டைப் பற்றி நீ எது சொன்னாலும் இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நோ-பாலில் ரன் அவுட் உண்டு என்றால், "யார் சொன்னது?" லெக்-பை ஓடினால் பேட்ஸ்மேனுக்கு ரன் சேராது என்றால், "எங்கே எழுதியிருக்கிறது?" ஒருநாள், ஓவருக்கு ஆறு பந்து என்றேன். பாஸ் பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையாட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேசினார்.

விளையாட்டு வெளியாக ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தச் சண்டை. பேட்ஸ்மேன் உயரத்தில் அடிக்கிறான், பந்து மேலே இருக்கும்போது இரண்டு பேரும் ஓடி ஒருவரை ஒருவர் தாண்டிவிடுகிறார்கள், பிறகு கேட்ச். புது பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் வர வேண்டும்? அன்றைய விதிப்படி, தாண்டியிருந்தால் அவுட் ஆகாத பழைய ஆள் மட்டை பிடிப்பான், புது ஆள் எதிர்முனைக்குப் போவான். இதை நான் நூறு தடவையாவது எழுதியிருக்கிறேன். ஸ்கோரரின் உயிர்நாடியே இதுதான், இதில் பிசகினால் அடுத்த ரன் வேறு ஆள் கணக்கில் ஏறும்.

"அவுட் ஆனவன் இடத்துக்குத்தானே அண்ணா புது ஆள் வருவான்?" என்றான் பையன். "சிம்பிள்."

"டேய், க்ராஸ் பண்ணிட்டா வரமாட்டான்டா. சத்தியமா. எனக்கு ஆடத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா எழுதத் தெரியும்."

"நாங்க கண்டோன்மென்ட்ல அப்படி ஆடல."

பாஸ் இருவரையும் பார்த்தார். ஒருவன் ஞாயிறுதோறும் ஆடுகிறவன். இன்னொருவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன். "அவன் சொல்கிற மாதிரி போடு," என்றார். விதிப் புத்தகம் வாங்கி வருகிறேன் என்றேன். ஔந்து முழுக்கக் கிடைக்கவில்லை. மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றால் புனேக் கடைகள் நாலு மணி வரை மூடியிருக்கும் என்பது என் அவசரத்துக்குத் தெரியவில்லை. தப்பை என் கையாலேயே எழுதினேன்.

விளையாட்டு வெளியானது. முடிவில் ஓடும் பெயர்களில் ‘பேட்டிங்’ என்று என் மனைவியின் பெயர் தனியாக வந்தது. என் பெயர் ‘மற்றும்’ என்ற தலைப்பின் கீழ் பதினேழாவது. மாமனார் போன் செய்தார். "பாப்பா ஆடுனதுங்களாமே! அண்ணனுங்க எல்லாம் பாத்தாங்க." கடைசியில், "நீங்க எப்படி இருக்கீங்க மாப்ள?" என்று கேட்டார். லீக் பற்றி அவர் அதன்பின் கேட்டதே இல்லை. அந்த நாகரிகம் எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. விளையாட்டை வாங்கிய யாரோ ஒருவர், இரண்டு பக்கம். கேட்ச் பிடிக்கும் முன் பேட்ஸ்மேன்கள் தாண்டியிருந்தால் புது ஆள் எதிர்முனைக்குத்தான் போக வேண்டும், இந்த அடிப்படைகூடத் தெரியாதவர்கள் இதற்கு ‘ரியல்’ என்று பெயர் வைக்கலாமா என்று விளாசியிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு திட்டைப் படித்ததில்லை. அச்சடித்துக்கொண்டு பாஸ் அறைக்கு ஓடினேன்.

நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நீதானே எழுதினாய்?"

சத்தியமாக நான் எழுதவில்லை. அன்று மாலை வீட்டில் சொன்னேன். மனைவி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "நிஜமாவே நீங்க எழுதலீங்களா?"

கொஞ்ச வருடத்துக்கு முன் கிரிக்கெட்டில் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் புது ஆள்தான் மட்டை பிடிக்க வேண்டும். செய்தி வந்த அன்றே இப்போது கனடாவில் இருக்கும் பையன் வீடியோ போன் செய்தான். தலை நரைத்துவிட்டது, தமிழ் மட்டும் அப்படியே. "பாத்தீங்களா அண்ணா! நான் அப்பவே சொன்னேன்ல. புது ஆள்தான் ஆடுவான்னு."

அன்றைக்கு அது தப்புடா, இன்றைக்குத்தான் சரி என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "அச்சா அண்ணா," என்றான்.